மனை மண் மனையிலேயே நிற்க: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மேடு ஏற்றிவிட வேண்டும் என்று டெல்டா முழுக்க டிப்பர் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதன் பின்விளைவைப் பற்றியவை. ஏற்றிய மண் கரைந்து வாய்க்காலிலும் வயலிலும் தெருச் சாக்கடையிலும் போய்ச் சேருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (மன்னார்குடி வாசகர்): வடிகால் ஓரமாக 30 சென்ட் மனை. சாலை மட்டத்துக்கு வரட்டும் என்று மூன்று அடி சவுடு மண் அடித்தோம். போன ஐப்பசியில் விளிம்பு சரிந்து வடிகாலில் விழுந்தது. தண்ணீர் வடியாமல் மேலண்டை வயலில் சம்பா நாற்று மூழ்கி, பெரிய சண்டை. இந்த ஆண்டு வீடு கட்டத் தொடங்குகிறோம். சுற்றுச்சுவரை முதலில் எழுப்பிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. சுவர் கடைசியில் வர வேண்டிய வேலை. புதிதாக அடித்த மண்மேல் அஸ்திவாரம் போட்டு எழுப்பிய சுவர், உள்ளே மழைநீர் ஊறியதும் வடிகால் பக்கம் சாயும். அப்புறம் மண்ணோடு செங்கல்லையும் சேர்த்து வடிகாலிலிருந்து அள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. 30 சென்ட் என்பது 13,068 சதுர அடி. மூன்று அடி மேட்டுக்கு 39,204 கன அடி, அதாவது 392 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). மேற்பரப்பில் ஒரே ஒரு சென்டிமீட்டர் கரைந்தாலே நாலே கால் யூனிட் போய்விடும். நாலடி அகல வடிகாலில் ஓரடி உயரத்துக்குப் படிந்தால், அது நூறடி நீளத்தைத் தூர்த்துவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அரிப்பே இவ்வளவு செய்யும். உங்களுக்கு விளிம்பே சரிந்திருக்கிறது.

சரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. டிப்பர் பின்பக்கமாக வந்து ஓரத்தில் கொட்டிய மண் கொட்டியபடியே கிடக்கும். ரோலர் விளிம்புவரை வராது, ஓட்டுநரும் வரத் துணியமாட்டார். இரண்டாவது, மேலே சமமாகப் பரப்பியதாக நினைத்த தளத்தில் ஏதோ ஒரு மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். 30 சென்ட்டில் விழும் மழை முழுவதும் அந்த ஒரு மூலையைத் தேடிப் போய், இறுகாத விளிம்பின் மேல் வழியும். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் உங்கள் மனையில் விழும் தண்ணீர் ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். கார்த்திகையில் இங்கே ஒரே நாளில் அவ்வளவு பெய்வது புதிதல்ல.

செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

வெளித்தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். சாலைப் பக்கத்திலிருந்தோ மேட்டு மனையிலிருந்தோ வரும் நீர் உங்கள் மண்மேல் ஏறாமல், எல்லையில் ஓரடி உயர வரப்பு போட்டு அதன் வெளிப்புறமாகவே வடியவிடுங்கள். சுத்தமாக வரும் தண்ணீரைச் சேறாக்கிவிட்டு அதைத் தெளிய வைப்பது வீண்வேலை.

அடுத்து விளிம்பு. சரிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய மண்ணில் படிபோல் வெட்டி, புது மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இறுக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் இறுகும் ஈரம். சொதசொதவென்ற களிமண்ணை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, ரப்பர் போல் எழும்பி எழும்பி அடங்கும். விளிம்பை வேண்டிய எல்லைக்கு ஓரடி தள்ளிக் கட்டி, இறுக்கியபின் அந்த ஓரடியைச் செதுக்கி எடுத்தால் சரிவின் முகமும் கெட்டியாக இருக்கும். சரிவு, ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம். மூன்றடி மேட்டுக்கு ஆறடி நிலம் போகும். அந்த ஆறடிக்கு மனசு வராமல் செங்குத்தாக விடுவதுதான் இந்தப் பகுதியில் நடக்கும் முக்கால்வாசிச் சரிவுக்குக் காரணம்.

மூன்றாவதாக, மேல்தளத்தை உட்புறம் சாய்வாக வையுங்கள், நூறடிக்கு ஓரடி போதும். விளிம்பின் மேல் சுற்றிலும் ஓரடி வரப்பு. தண்ணீர் எங்கே இறங்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒரே ஒரு மூலை. அந்த மூலையில் கல் பதித்த சறுக்கலோ ஆறங்குலக் குழாயோ வைத்து, கீழே படிவுக்குழிக்குள் விடுங்கள்.

படிவுக்குழியின் அளவு: ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. உங்கள் 30 சென்ட்டுக்கு 30 கன மீட்டர், அதாவது 1,080 கன அடி. ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியைப் பாதி நிரப்பிவிடும். 36 அடி நீளம், 12 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று அகலவாக்கில் வெட்டுங்கள். தண்ணீர் ஒரு கடைசியில் நுழைந்து மறு கடைசியில் வெளியேற வேண்டும். நுழைவாயும் வெளிவாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குழியின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். வெளிவாய் நாலடி அகலத்துக்கு, 40 மில்லிமீட்டர் ஜல்லி போட்ட தாழ்ந்த கரையாக இருக்கட்டும். பாதி ஆழத்துக்குச் சேறு ஏறியதும் அள்ளுங்கள். குழி உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். வடிகால் புறம்போக்கில் வெட்டினால் நீர்வளத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தக் குழி 25 மில்லிமீட்டர் மழையைத்தான் முழுதாகக் கொள்ளும். அதற்கு மேல் பெய்தால் மணலும் பருவண்டலும் தங்கும், களி தங்காது. ஒரு மீட்டர் ஆழம் இறங்கிப் படிய நுண்மணலுக்கு இரண்டு நிமிடம், வண்டலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். களித்துகளுக்கோ மூன்று நாள் ஆகும், அதுவும் அசையாத தண்ணீரில். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத இந்தச் சமவெளியில் சிக்கலே இந்தக் களிதான். ஒரு முறை கலங்கிவிட்டால் பிடிப்பது கஷ்டம்; கலங்காமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. அதனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மூடுவது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெறும் மண்ணில் அது விழுந்தால் கட்டி சிதறும். வைக்கோலிலோ புல்லிலோ விழுந்தால் வேகம் அங்கேயே அடங்கிவிடும்.

சரிவு முகத்துக்குத் தென்னைநார் விரிப்பு நல்லது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைநாருக்குப் பஞ்சமில்லை. சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள நெய்த விரிப்பு உங்கள் சரிவுக்குப் போதும். மேல்விளிம்பில் ஓரடிக்கு ஓரடி பள்ளம் வெட்டி விரிப்பின் நுனியைப் புதைத்து, மேலிருந்து கீழாக உருட்டுங்கள். பக்கத்து விரிப்பின் மேல் அரையடி ஏற வேண்டும். கட்டிலுக்கு நாடா கட்டுவதுபோல் இழுத்துக் கட்டாதீர்கள். தளர்வாக விட்டு, மண்ணோடு ஒட்டும்படி கம்பி வளைத்த ஆணியைச் சதுர மீட்டருக்கு ஒன்றாவது அடியுங்கள். விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவே சந்து இருந்தால் தண்ணீர் அடியில் ஓடி, மேலே ஒன்றும் தெரியாமலே வரிவரியாக அரித்திருக்கும். விரிப்பின் கண்களில் வெட்டிவேர் நாற்றை அரையடிக்கு ஒன்றாக, சரிவின் குறுக்கே வரிசையாக நடுங்கள். அருகம்புல் வேண்டுமானால் வயல் வரப்பில் மண்ணோடு வெட்டியெடுத்துப் பதியுங்கள். ஆடியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஐப்பசிக்குள் வேர் பிடிக்கும். புரட்டாசிக் கடைசியில் நட்ட புல் முதல் மழையிலேயே மண்ணோடு போகும்.

இத்தனையும் முடித்து, ஒரு மழைக்காலம் மண் அமர்ந்தபின் சுவர். அஸ்திவாரம் பழைய மண்ணைத் தொட வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்றங்குலக் குழாய் வைத்து வீப் ஹோல், அதாவது உள்ளே ஊறிய நீர் வெளியேறும் துளை, விடுங்கள். அதன் உட்புறம் ஜல்லியும் அதைச் சுற்றி வடிகட்டித் துணியும் இல்லாவிட்டால், அந்தத் துளை வழியாகவே மண் ஒழுகும்.

கேள்வி (நாகப்பட்டினம், ஒப்பந்தக்காரர்): தளத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருக்கிறோம். ஆனாலும் மழை பெய்தால் வலைக்கு வெளியே செங்கலங்கலாகத்தான் தண்ணீர் போகிறது. இரண்டு மடங்காகக் கட்டினால் நிற்குமா?

பதில்: நான்கு மடங்காகக் கட்டினாலும் நிற்காது. நிழலுக்கும் தூசிக்கும் உள்ள வலை அது. வண்டல் வேலி என்பது சல்லடை இல்லை. அதன் வேலை தண்ணீரைத் தடுத்து உள்பக்கம் குளம்போல் தேக்குவது. தேங்கிய தண்ணீரில் மண் படிகிறது; துணி வழியாகக் கசிவது மெதுவாக வெளியேறுகிறது. பச்சை வலையில் தண்ணீர் தேங்குவதே இல்லை, வந்த வேகத்தில் போகிறது. பிறகு எங்கே படியும்?

நெய்த ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்வேலைக்கென்றே செயற்கை நூலில் செய்யும் வடிகட்டித் துணி) வாங்குங்கள். ஆறு அங்குல அகலம், ஆறு அங்குல ஆழத்தில் பள்ளம் தோண்டி, துணியின் அடிநுனியை அதில் மடித்துப் போட்டு மண்ணிட்டுத் திமிசால் இடியுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுத் துணியைத் தரையில் தொங்கவிடுவதுதான் வழக்கமான தப்பு. தண்ணீர் அடியில் புகுந்து போகும். தரைக்கு மேல் இரண்டடி உயரம் போதும். உயரம் கூடக் கூடத் தேங்கும் நீரின் தள்ளலும் கூடி, வேலியே விழும். கம்புக்கு உங்கள் கடற்கரைச் சவுக்கே ஏற்றது: ஆறடிக்கு ஒன்று, ஒன்றரை முதல் இரண்டடி தரைக்குள். கம்பு வெளிப்பக்கமும் துணி மண் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் தள்ளலில் துணி ஆணியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

மேட்டின் அடியை ஒட்டிக் கட்டாதீர்கள். ஐந்தாறு அடி தள்ளிக் கட்டினால்தான் தேங்க இடம் கிடைக்கும். வேலி ஒரே மட்டத்தில் போக வேண்டும். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். இரண்டு நுனிகளையும் மேட்டுப் பக்கம் வளைத்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நூறடி வேலிக்கு 25 சென்ட் நிலத்தின் நீர்தான் வரலாம். ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே இதைக் கட்டவே கூடாது, ஒரு மழைகூடத் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் சேர்ந்ததும் அள்ளுங்கள். வாரம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாளும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

கேள்வி (வேதாரண்யம் பகுதி வாசகி): தேங்கிய மழைநீர் ஒரு வாரம் ஆகியும் தெளியவில்லை, பால்போல் நிற்கிறது. எங்கள் மண்ணில் என்ன கோளாறு?

பதில்: சோடியம் மிகுந்த களி மண்ணாக இருக்கலாம். விவசாயிகள் களர் என்று சொல்வார்களே, அது. சோடியம் ஏறிய களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், சேர்ந்து கனத்தால்தானே கீழே இறங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கொண்டைக்கடலை அளவு மண்கட்டி நான்கைந்தை நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ எடுத்து, கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள், தம்ளரை நகர்த்தவும் வேண்டாம். பத்து நிமிடத்திலும் இரண்டு மணி நேரத்திலும் பாருங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகி, தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கட்டியைச் சுற்றிப் பால்போல் புகை படர்ந்தால் அது கரையும் களி. போர் தண்ணீரில் மட்டும் செய்துவிடாதீர்கள். கடலோரப் போர் நீரின் உப்பு களியைப் படியவைத்து, நல்ல மண் என்று பொய் சொல்லிவிடும்.

அத்தகைய மண்ணுக்கு வயலில் போடும் ஜிப்சமே மருந்து. அதன் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது, துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து இறங்குகின்றன. தேங்கிய கலங்கல் நீருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு 32 கிலோ என்பது ஆஸ்திரேலியாவில் இதே வகை மண்ணுக்குக் கடைப்பிடிக்கும் அளவு. பொடியை ஒரே இடத்தில் கொட்டினால் அடியில் கட்டியாகக் கிடக்கும். வாளியில் கரைத்து மேற்பரப்பு முழுக்க வீசுங்கள். ஒன்றரை முதல் மூன்று நாளில் தெளியும். தெளிந்த மேல்நீரை மட்டும் வெளியேற்றுங்கள்.

கட்டும்போது இன்னொரு கவனம்: இந்த மண்ணில் குழாய் பதித்த பள்ளத்தைச் சரியாக இறுக்காமல் மூடினால், குழாயை ஒட்டியே தண்ணீர் ஓடி உள்ளுக்குள் சுரங்கம் விடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் தரை பொத்தென்று உள்வாங்கும். பள்ளம் மூடும் மண்ணில் ஜிப்சம் கலந்து, அரையடி அரையடியாக இடித்து மூடுங்கள். வெட்டிய சரிவுகளை வேறு நல்ல மண் அரையடி போட்டு மூடிவிட்டுத்தான் புல் வைக்க வேண்டும். இந்த மண்ணிலேயே வைத்த புல் எளிதில் பிடிக்காது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): அடித்தளம் தோண்டும்போது ஊற்று. மோட்டார் போட்டு இறைத்த சேற்றுத் தண்ணீர் தெருச் சாக்கடையை அடைத்துவிட்டது. டவுனுக்குள் குழி வெட்ட இடமில்லை. படிகாரம் போடலாமா?

பதில்: காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே தோண்டினால் ஊற்று வரத்தான் செய்யும். படிகாரத்துக்கு முன்னால், சேற்றை இறைக்காமல் தண்ணீரை மட்டும் இறைக்க வழி பாருங்கள். பள்ளத்தின் ஒரு மூலையில் இரண்டடி கூடுதலாகத் தோண்டி, பக்கமெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் டிரம்மை இறக்குங்கள். டிரம்மைச் சுற்றி நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதைச் சுற்றி அரையடிக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி. ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள வால்வு) டிரம்முக்குள், அடியிலிருந்து ஓரடி மேலே தொங்கட்டும். சேற்றில் உட்கார்ந்த ஃபுட் வால்வுதான் உங்கள் சாக்கடையை அடைத்தது. மழைநீர் தேங்கிய பள்ளமானால் காலி கேனில் குழாய் வாயைக் கட்டி மிதக்கவிட்டு, மேல்நீரை மட்டும் உறிஞ்சலாம்.

அடுத்து, மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் 20 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 10 லிட்டர். அந்த ஓட்டத்தில் வண்டல் படிய, கணக்குப்படி 28 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு, பத்தடிக்கு அறுபதடி. டவுனில் அது ஆகாது. ஆனால் ஓட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பும் பாதியாகும். பெரிய மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிடச் சின்ன மோட்டாரை நாள் முழுக்க ஓட்டுவது மேல். ஆழம் கூட்டிப் பயனில்லை. படிவது தொட்டியின் பரப்பைப் பொறுத்தது.

அதற்கும் தெளியாத களிக்குத்தான் படிகாரம். கண்ணளவில் போடாதீர்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஐந்து பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கலங்கல் எடுத்து, அந்தக் கரைசலை ஒன்றில் விடாமலும் மற்றவற்றில் 2, 4, 6, 8 மில்லியும் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். தெளிந்தவற்றில் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. 4 மில்லியில் தெளிந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு 4 கிலோ படிகாரம் போதும். கூடுதலாகப் போட்டால் தண்ணீர் புளிப்பேறும். காரஅமிலத் தாளில் (pH தாள்) 6.5க்குக் கீழே காட்டினால் வெளியே விடாதீர்கள். அடியில் இறங்கிய பஞ்சுபோன்ற படிவையும் சாக்கடையில் விடக் கூடாது, உலர்த்தி அள்ள வேண்டும். மீன் குளத்துக்குப் போகும் வடிகாலானால் படிகாரமே வேண்டாம். தேத்தாங்கொட்டை போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடத்தின் உட்புறம் உரசித் தண்ணீர் தெளிய வைக்க அது நல்லதுதான். லட்சம் லிட்டருக்கு உரச யார் இருக்கிறார்கள்?

கேள்வி (தஞ்சாவூர், வல்லம் சாலை வாசகர்): செம்மண் மேட்டில் மனைப்பிரிவு. புல்டோசர் விட்டு மொத்தத்தையும் சுத்தம் செய்து சாலை போட்டோம். ஒரே மழையில் சாலையோரம் முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்துவிட்டது.

பதில்: வல்லம் மேடு டெல்டாக் களியைப் போன்றதல்ல. இங்கே தண்ணீருக்கு வேகம் உண்டு. கிராவல் மேற்பொருக்கு உடைந்தால் கீழே இருக்கும் மண் சீக்கிரம் போகும். மொத்தத்தையும் ஒரே நாளில் சுத்தம் செய்ததுதான் முதல் தப்பு. அடுத்த கட்டத்தை விற்கும்வரை அங்கிருந்த புதரையும் புல்லையும் விட்டிருந்தால் பாதி ஓடை விழுந்திருக்காது. வெறும் சரிவு நீள நீளக் கேடும் கூடும்: நூறடிக்கு ஐந்தடி சரிவில் நீளம் இரட்டித்தால், ஒவ்வொரு சதுர அடியிலிருந்தும் போகும் மண் 1.4 மடங்காகும். நேராக மேலிருந்து கீழே போட்ட சாலை, மழையில் ஆறுதான்.

விழுந்த ஓடையில் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஓடை. கல் தடுப்பு போடுங்கள். கைப்பிடி அளவிலிருந்து தேங்காய் அளவுவரை உடைகல். நடுவில் ஒன்றரை அடி உயரம், இரு ஓரமும் நடுவைவிட அரையடி கூடுதல். நடு தாழ்ந்திருக்காவிட்டால் தண்ணீர் ஓரத்தை அரித்துச் சுற்றிப் போகும். ஓரக் கற்களைக் கரைக்குள் ஒன்றரை அடி புதையுங்கள். இடைவெளிக்கு எளிய விதி: கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். நூறடிக்கு நாலடி சரிவானால் ஒன்றரை அடித் தடுப்பு 37 அடிக்கு ஒன்று. இரண்டடி சரிவானால் 75 அடிக்கு ஒன்று. செலவுக்குப் பயந்து ஒரே பெரிய தடுப்பு கட்டாதீர்கள். அது உடைந்தால் கீழே இருக்கும் வீடுகளுக்குச் சேறும் கல்லும் சேர்ந்து போகும்.

வாசலையும் கவனியுங்கள். லாரிச் சக்கரத்தோடு தார்ச்சாலைக்குப் போகும் செம்மண் அடுத்த மழையில் சாக்கடைக்குள் போகும். நுழைவில் 50 அடி நீளத்துக்கு, அடியில் ஜியோ டெக்ஸ்டைல் விரித்து, 50 முதல் 75 மில்லிமீட்டர் கல்லை அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். சின்ன ஜல்லி போட்டால் இரட்டைச் சக்கரத்தின் நடுவே சிக்கிக்கொண்டு சாலைக்கே வரும்.

கேள்வி (திருவாரூர், சிறுபாலம் கட்டுபவர்): பாசன வாய்க்காலில் வேலை. எப்போது தொடங்கினால் மண் கலங்காமல் முடிக்கலாம்?

பதில்: மேட்டூர் ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது மரபு, அந்த இடைவெளிதான் உங்களுடையது. தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும், ஆகவே மே மாதக் கடைசிக்குள் வாய்க்காலைவிட்டு வெளியே வரும்படி திட்டமிடுங்கள். கீழே வடிகால் கசிவு இருக்கும். மேல்பக்கம் மணல் மூட்டை அடுக்கி, பாலித்தீன் தாளை முன்புறம் விரித்து, குழாய் வழியாக நீரைக் கடத்துங்கள். மூட்டையில் முக்கால் பங்கு மணல்தான்; நிரம்பப் பிடித்தால் உருளும், சந்து விழும். களி போட்டு நிரப்பாதீர்கள், மூட்டை கிழிந்தால் அதுவே கலங்கல். எத்தனை மூட்டை இறக்கினீர்கள் என்று எழுதி வைத்து அத்தனையையும் திரும்ப எடுங்கள். விட்டுப்போன பத்து மூட்டை, கடைமடையில் ஒரு மதகை அடைக்கும்.

பாலத்தின் இரு பக்கச் சேர்ப்பு மண்தான் முதலில் போகும் இடம். அதைக் கால் அடி, அரை அடி அடுக்குகளாக இறுக்குங்கள். கல் பதிப்பின் அடியில் ஜல்லி அடுக்கோ வடிகட்டித் துணியோ இல்லாவிட்டால், தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் கல் இடுக்கு வழியாக மண் உறிஞ்சப்பட்டு, கல் ஒவ்வொன்றாக உள்வாங்கும். கலவை இயந்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடவே வேண்டாம். சுண்ணாம்புக்காரம் கொண்ட அது மீனைக் கொல்லும். பிளாஸ்டிக் தாள் விரித்த தனிக் குழியில் காயவிட்டு, கட்டியாக எடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): ஜியோ டெக்ஸ்டைலுக்கு வழியில்லை. வைக்கோல் போதுமா?

பதில்: சமதளத்துக்குப் போதும், சரிவுக்குப் போதாது. சென்ட்டுக்கு 20 கிலோ, தரை தெரியாத அளவுக்கு உதறிப் பரப்புங்கள். கட்டுக்கட்டாக வைத்தால் நடுவே ஓடை விழும். காற்றுக்குப் பறக்காமல், மண்வெட்டியால் ஆங்காங்கே குத்தி மண்ணுக்குள் செருகுங்கள். தையில் அறுத்துக் காய்ந்த சம்பா வைக்கோலைப் போர் போட்டு வைத்திருந்தால் நல்லது. குறுவை வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்து சீக்கிரம் மக்கிவிடும். கூட்டி வைத்த மண்குவியலுக்குத் தார்ப்பாய்தான்.

கேள்வி (பாபநாசம் வாசகர்): எம்-சாண்ட் தெருவில் கொட்டியிருக்கிறோம். இரண்டு வாரத்துக்குத்தானே?

பதில்: ஒரு மழைக்கு இரண்டு மணி நேரம் போதும். சாக்கடைப் பக்கம் வேண்டாம். எதிர்ப்புறம் கொட்டி, அடியில் ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கி, தார்ப்பாயின் நுனிகளைக் கல் வைத்து அழுத்துங்கள். எம்-சாண்டின் நுண்பொடி சாக்கடையில் சிமெண்ட்போல் இறுகிப் படியும், மண்வெட்டிக்கு வராது.

கேள்வி (கும்பகோணம், இன்னொரு வாசகர்): வீடு முடிந்துவிட்டது. வேலியையும் குழியையும் எப்போது எடுக்கலாம்? அள்ளிய சேற்றை எங்கே போடுவது?

பதில்: கிரகப்பிரவேசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெறும் மண்ணாக இருந்த இடத்தில் பத்தில் ஏழு பங்கு புல்லோ செடியோ மூடியிருக்க வேண்டும், அதுவரை எடுக்காதீர்கள். எடுக்கும்போது கீழிருந்து தொடங்க வேண்டாம். முதலில் குழிக்கு மேலே உள்ள இடம் முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்து, பின் குழியில் உள்ளதை அள்ளி மூடி, கடைசியாக வேலியைப் பிடுங்குங்கள். வேலியடியில் சேர்ந்த மண்ணை அங்கேயே பரப்பிப் புல் வைத்தால் போதும். சிமெண்ட் கலவாத சேற்றைக் காயவைத்துத் தென்னைக்கு அணைக்கலாம், அது நல்ல வண்டல். சவுக்குக் கம்பும் துணியும் கிழியாமல் இருந்தால் பத்திரமாகச் சுருட்டி வையுங்கள்; பக்கத்து மனையில் அடுத்த டிப்பர் வரத்தான் போகிறது.